உங்கள் பெயருக்குக் கட்டம் வரைவது யார்?

சென்ற ஆண்டு எங்கள் பள்ளியின் படிவம் 5 மாணவி ஒருத்தி, பள்ளி விட்ட பிறகும் வீட்டுக்குப் போகாமல் ஆய்வுக்கூட வாசலில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். கல்வி உதவிநிதி ஒன்றுக்கு இணையத்தில் விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். ‘பெயர்’ என்ற கட்டத்தில், அடையாள அட்டையில் உள்ளபடியே தன் பெயரைத் தட்டினாள். ‘செல்லாத எழுத்து’ என்று சிவப்பு நிறத்தில் எச்சரிக்கை வந்தது. அவள் பெயரில் இருந்த ‘ஏ/பி’யின் சாய்கோடுதான் காரணம். சாய்கோட்டை எடுத்துவிட்டு மீண்டும் அனுப்பினாள். ‘பெயர் அடையாள அட்டையோடு ஒத்துப்போகவில்லை’ என்று திரும்பி வந்தது.

சாய்கோட்டோடு எழுதினாலும் தவறு, இல்லாமல் எழுதினாலும் தவறு. அந்த அலுவலகத்துக்கு நான்கு முறை தொலைபேசியில் அழைத்தோம். மாலை நான்கரை மணிக்கு ஒருவர் எடுத்து, தானே விண்ணப்பத்தைப் பதிந்துகொண்டார். எல்லாம் முடிந்து பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அவள் கேட்டாள்:

“இந்தக் கட்டத்த யாரு டீச்சர் செஞ்சது? நம்ம பேரு எப்படி இருக்கும்னு அவங்களுக்குத் தெரியாதா?”

அன்று நான் அவளுக்குச் சரியான பதில் சொல்லவில்லை. ‘கம்ப்யூட்டர்ல அப்படித்தான் இருக்கும்மா’ என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பிறகு யோசித்தபோது அந்தப் பதில் தவறு என்று தோன்றியது. கணினி எதையும் தானாக முடிவு செய்வதில்லை. பெயருக்கு எத்தனை எழுத்து, எந்தெந்தக் குறி செல்லும், எது செல்லாது என்பதையெல்லாம் யாரோ ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்கிறார். அப்படி முடிவு செய்து, தகவல் தங்கும் இடத்தை வடிவமைப்பவருக்குத் தரவுத்தள மேம்பாட்டாளர் என்று பெயர்.

இந்தத் தொழிலுக்கு நம் மாணவர்கள் வர வேண்டும் என்பது என் கருத்து. அதோடு இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். இந்தத் தொழிலுக்கான முதல் படி, ஏதோ ஒரு மென்பொருளின் கட்டளைகளை மனனம் செய்வது அன்று. நம் கண்முன் இருக்கும் ஒன்றை உற்றுப் பார்த்து, அதைப் பற்றி எதைப் பதிவது, எப்படிப் பதிவது என்று முடிவெடுக்கக் கற்பதுதான். அதற்கு எஸ்.பி.எம். முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

எங்கும் இருக்கிறது, கண்ணில் படுவதில்லை

தரவுத்தளம் என்றதும் ஏதோ பெரிய நிறுவனத்தின் குளிரூட்டப்பட்ட அறையில் இருக்கும் இயந்திரம் என்று நினைக்காதீர்கள். அது உங்கள் சட்டைப் பையிலும் இருக்கிறது. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் எஸ்கியூலைட் என்ற சிறிய தரவுத்தள மென்பொருள் உள்ளேயே இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஹிப் என்ற அமெரிக்கர் வெளியிட்டது அது. கைப்பேசியில் ஒரு பெயரைத் தேடும்போது அதற்குப் பின்னால் ஒரு தரவுத்தளம் வேலை செய்கிறது. மருத்துவமனையில் உங்கள் எண்ணை அழைப்பதும், வங்கிக் கணக்கில் மீதம் காட்டுவதும், பேருந்து நிலையத்தில் இருக்கை எண் தருவதும் அப்படித்தான்.

செயலியின் வண்ணத்தையும் படத்தையும் நாம் பார்க்கிறோம். அதற்கு அடியில் இருக்கும் அட்டவணைகளை யாரும் பார்ப்பதில்லை. அட்டவணை சரியாக இருக்கும்வரை அதைப் பற்றிப் பேச்சே இருக்காது. தவறினால்தான் அந்த மாணவியைப் போல ஒருவர் வாசலில் உட்கார நேர்கிறது.

ஆய்வுக்கூட அலமாரியில் ஒரு பாடம்

நான் அறிவியல் ஆசிரியை. ஆசிரியர் டிப்ளோமா படிப்பில் எனக்கு யாரும் தரவுத்தளம் கற்றுத் தரவில்லை. எனக்கு அதைக் கற்றுக் கொடுத்தது எங்கள் ஆய்வுக்கூடத்தின் இருப்புப் புத்தகம்.

சில ஆண்டுகளுக்கு முன் அதன் பொறுப்பு என் கைக்கு வந்தது. ஒரு நீண்ட புத்தகம். பிறகு அதையே கணினியில் ஒரே நீண்ட அட்டவணையாகத் தட்டி வைத்திருந்தோம். ஒரே அமிலம் அதில் மூன்று பெயர்களில் இருந்தது. ஒருவர் ஆங்கிலத்தில் ‘ஹைட்ரோகுளோரிக் ஆசிட்’ என்று எழுதியிருந்தார். இன்னொருவர் மலாயில் ‘அசிட் ஹிட்ரோக்லோரிக்’ என்று எழுதியிருந்தார். மூன்றாமவர் வேதியியல் குறியீட்டை மட்டும் எழுதியிருந்தார். மூன்றும் ஒன்றுதான் என்று மனிதருக்குத் தெரியும். கணினிக்கு அவை மூன்று வெவ்வேறு பொருள்கள். அதன் பலனாக, அலமாரியின் பின்வரிசையில் மூன்று போத்தல் அமிலம் இருக்கும்போதே இன்னும் இரண்டு வாங்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். மாவுச்சத்துச் சோதனை நடத்த வேண்டிய வாரத்திலோ அயோடின் தீர்ந்து போயிருந்தது.

அறிவியல் கழகத்தைச் சேர்ந்த நான்கு மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு இதைச் சரி செய்யத் தொடங்கினேன். முதல் இரண்டு வாரம் நாங்கள் கணினியைத் தொடவே இல்லை. மாஜோங் தாளைத் தரையில் விரித்து, கேள்விகளை மட்டும் எழுதினோம். இந்தப் பதிவேடு நமக்கு எந்தக் கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும்? எந்தப் போத்தல் அடுத்த மூன்று மாதத்தில் காலாவதியாகும்? அமிலம் மொத்தம் எவ்வளவு மீதம் இருக்கிறது? எந்த வகுப்பு எதை அதிகம் பயன்படுத்துகிறது?

கேள்விகளை எழுதிய பிறகு, இங்கே பேசப்படும் ‘பொருள்’கள் எத்தனை வகை என்று பிரித்தோம். அமிலம் என்பது ஒன்று. அமிலம் இருக்கும் போத்தல் என்பது வேறு. அந்தப் போத்தலிலிருந்து ஒரு நாள் எடுத்த அளவு என்பது இன்னும் வேறு. இந்த மூன்றையும் ஒரே வரியில் திணித்ததுதான் பழைய புத்தகத்தின் குறை.

ஆகவே மூன்று அட்டவணைகள் போட்டோம். முதலாவதில் ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் ஒரு வரி, ஒரு எண். பெயர் அங்கே ஒரே ஒரு முறைதான் எழுதப்படும். இரண்டாவதில் ஒவ்வொரு போத்தலுக்கும் ஒரு வரி: போத்தலின் எண், அதில் உள்ள பொருளின் எண், வாங்கிய நாள், காலாவதி நாள், முழு அளவு, அலமாரி. மூன்றாவதில் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் ஒரு வரி: எந்தப் போத்தல், எந்த நாள், எவ்வளவு, எந்த வகுப்பு.

இதில் ஒவ்வொரு வரியையும் மற்ற வரியிலிருந்து பிரித்துக் காட்டும் எண்ணுக்கு முதன்மைச் சாவி என்று பெயர். ஓர் அட்டவணையின் சாவி இன்னோர் அட்டவணையில் வந்து உட்காரும்போது அது அயல் சாவி. போத்தல் அட்டவணையில் இருக்கும் ‘பொருள் எண்’ அப்படிப்பட்ட ஓர் அயல் சாவி. ஒரே செய்தியை ஓர் இடத்தில் மட்டும் எழுதி, மற்ற இடங்களில் அதன் எண்ணை மட்டும் வைப்பதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர். பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் ஓர் இடத்தில் திருத்தினால் போதும். எல்லா இடத்திலும் சரியாகிவிடும்.

அப்போது படிவம் 2 மாணவன் ஒருவன் கேட்ட கேள்வி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. “டீச்சர், ரெண்டு போத்தல்ல கொஞ்சம் கொஞ்சம் மிச்சம் இருந்தா, ஒன்னா ஊத்தி வெச்சா அது எந்தப் போத்தல்?” கேட்பதற்கு விளையாட்டுப் போலத் தோன்றும். ஆனால் இரண்டுக்கும் காலாவதி நாள் வேறாக இருந்தால் எதை எழுதுவது? ஆய்வுக்கூட விதி இங்கே கைகொடுத்தது. எடுத்த வேதிப்பொருளை மறுபடியும் போத்தலில் ஊற்றக் கூடாது, கலக்கவும் கூடாது. மாசுபடும் என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அந்த விதி இருப்பதால், ஒரு போத்தலுக்கு ஒரே ஒரு காலாவதி நாள் என்று துணிந்து எழுத முடிந்தது.

மாணவர்களே, இதைக் கவனியுங்கள். அந்தப் பையனுக்கு அன்று ஒரு கணினிக் கட்டளையும் தெரியாது. ஆனாலும் அவன் கேட்டது ஒரு தரவுத்தள மேம்பாட்டாளர் கேட்க வேண்டிய கேள்வி.

வேதியியல் படித்தவரின் எண்ணம்

இப்படி அட்டவணைகளாகப் பிரித்து, சாவிகளால் இணைக்கும் முறையை முதலில் முறையாக எழுதியவர் எட்கர் காட். இங்கிலாந்தில் பிறந்தவர்; ஆக்ஸ்ஃபோர்டில் கணிதமும் வேதியியலும் படித்தவர்; இரண்டாம் உலகப் போரில் விமானியாக இருந்தவர். பிறகு அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், சான் ஹோசே நகரில் உள்ள ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தார். 1970 ஜூனில் அவர் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரைதான் இன்றைய தொடர்புசார் தரவுத்தளங்களுக்கு வித்து.

அதற்கு முன், ஒரு தகவல் வேண்டுமானால் அது வட்டில் எங்கே, எந்த வழியில் சேமிக்கப்பட்டிருக்கிறது என்று நிரல் எழுதுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சேமிக்கும் விதத்தை மாற்றினால் நிரலையும் மாற்ற வேண்டும். காட் சொன்னது எளிமையானது: தகவலை அட்டவணைகளாகப் பாருங்கள், என்ன வேண்டும் என்று மட்டும் கேளுங்கள், அதை எப்படித் தேடுவது என்பதை இயந்திரம் பார்த்துக்கொள்ளட்டும்.

‘என்ன வேண்டும்’ என்று கேட்பதற்கான மொழியை அதே ஐபிஎம்மில் டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் இருவரும் 1974இல் வெளியிட்டார்கள். அதுதான் பிறகு எஸ்கியூஎல் ஆனது. ஐம்பது ஆண்டுகளாகியும் அது வழக்கொழியவில்லை. அதன் அடிப்படை மூன்று சொற்கள்: எதைக் காட்ட வேண்டும் என்பதற்குச் ‘செலக்ட்’, எந்த அட்டவணையிலிருந்து என்பதற்கு ‘ஃப்ரம்’, எந்த நிபந்தனையில் என்பதற்கு ‘வேர்’. 1981இல் காட் கணினித் துறையின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருதைப் பெற்றார்.

அவர் அடித்தளமாக எடுத்துக்கொண்டது கணக் கோட்பாடும் தர்க்கமும். படிவம் 4 கணிதப் பாடத்தில் தர்க்கமும் கணச் செயல்பாடுகளும் வருகின்றனவே, “இது எங்க டீச்சர் வாழ்க்கைல வரப்போகுது?” என்று நீங்கள் கேட்பீர்களே, அதே பாடம்தான். வெட்டுக் கணம், சேர்ப்புக் கணம் எல்லாம் தரவுத்தளத்தில் அன்றாடம் நடக்கின்றன.

வேலையில் என்ன செய்வார்கள்?

அட்டவணை வரைவது தொடக்கம். அதன் பிறகு மேம்பாட்டாளருக்கு இரண்டு பெரிய கவலைகள் உண்டு. ஒன்று வேகம், இன்னொன்று நம்பகம்.

வேகத்துக்கு ஓர் உதாரணம். பத்து லட்சம் பெயர்கள் உள்ள பட்டியலில் ஒன்றைத் தேட, முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தால் பத்து லட்சம் முறை ஒப்பிட நேரலாம். அதே பட்டியல் அகர வரிசையில் இருந்தால், நடுவில் திறந்து, தேவையில்லாத பாதியை ஒதுக்கி, மீண்டும் நடுவில் திறந்து என்று போகலாம். அப்போது 20 முறை போதும். 2ஐ 20 முறை பெருக்கினால் 1,048,576 வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பாடநூலின் கடைசியில் இருக்கும் சொல்லடைவைப் போல, இப்படித் தேட உதவும் வரிசையை இன்டெக்ஸ் என்கிறார்கள். எந்தப் பத்திக்கு இன்டெக்ஸ் போடுவது என்று தீர்மானிப்பது மேம்பாட்டாளரின் பொறுப்பு.

நம்பகத்துக்கு இன்னோர் உதாரணம். நீங்கள் நண்பருக்குக் கைப்பேசி வழியாக 50 ரிங்கிட் அனுப்புகிறீர்கள். உங்கள் கணக்கிலிருந்து கழித்தாகிவிட்டது. நண்பரின் கணக்கில் சேர்ப்பதற்குள் மின்சாரம் போய்விட்டது. அந்த 50 ரிங்கிட் எங்கே? நல்ல தரவுத்தளத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. கழிப்பதும் சேர்ப்பதும் ஒரே செயலாகக் கட்டப்பட்டிருக்கும். இரண்டும் நடக்க வேண்டும், அல்லது இரண்டும் நடக்காமல் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். இதைப் பற்றிய ஆய்வுகளுக்காக ஜிம் கிரே என்ற அறிஞருக்கு 1998இல் டூரிங் விருது கிடைத்தது.

நம் பெயர் ஏன் அடங்கவில்லை?

இப்போது அந்த மாணவியின் கேள்விக்குத் திரும்புவோம்.

நம் நாட்டில் தமிழர் பெயரில் பொதுவாகக் குடும்பப் பெயர் இல்லை. சொந்தப் பெயர், ‘ஏ/எல்’ அல்லது ‘ஏ/பி’, அப்பா பெயர், அவ்வளவுதான். ஆனால் பல மென்பொருள்கள் ‘முதற்பெயர்’, ‘குடும்பப் பெயர்’ என்று இரண்டு கட்டங்களோடு வருகின்றன. குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பா பெயரை எழுதினால், பிறகு வரும் கடிதமெல்லாம் அப்பாவை அழைத்தே வருகிறது. விமானப் பயணப் பதிவுகளிலோ, குடும்பப் பெயரையும் சொந்தப் பெயரையும் பிரித்துக் காட்டும் குறியே சாய்கோடுதான். அந்தக் குறிக்கு அங்கே ஏற்கெனவே ஒரு வேலை இருப்பதால், நம் சாய்கோட்டை விட்டுவிட்டுத்தான் பெயரை எழுத வேண்டியிருக்கிறது.

நீளமும் ஒரு சிக்கல். உதாரணத்துக்கு, தனலெட்சுமி ஏ/பி பாலசுப்பிரமணியம் என்ற பெயரை அடையாள அட்டையில் வருவதுபோல் ரோமன் எழுத்தில் எழுதுங்கள். மகளின் பெயருக்கு 13 எழுத்து, அப்பாவின் பெயருக்கு 15, ‘ஏ/பி’க்கு மூன்று, இடைவெளி இரண்டு, மொத்தம் 33. பெயருக்கு 30 இடம் போதும் என்று யாராவது முடிவு செய்திருந்தால், அப்பாவின் பெயர் பாதியில் வெட்டுப்படும்.

தமிழ் எழுத்தில் எழுதினால் இன்னும் சுவையான கணக்கு. ‘தமிழ்’ என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோட் முறையில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். யூடிஎஃப்-8 என்ற வடிவில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் வேண்டும். ஆக 15 பைட். ‘ஓர் எழுத்துக்கு ஒரு பைட்’ என்ற பழைய நினைப்பில் கட்டம் வரைந்தால், தமிழ்ப் பெயர் பாதியில் அறுந்துவிடும்.

இவையெல்லாம் யாரும் வேண்டுமென்று செய்தவை என்று நான் சொல்ல வரவில்லை. வரைந்தவருக்கு நம் பெயர் தெரியவில்லை. தெரிந்த ஒருவர் அந்த அறையில் இல்லை. இருந்திருந்தாலும் வாய் திறக்கவில்லை. உங்களில் ஒருவர் அங்கே உட்கார்ந்து, “எங்கள் பெயரில் சாய்கோடு வரும், குடும்பப் பெயர் வராது” என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். நம் பெயருக்கு மட்டுமா? ஒரே சொல்லைப் பெயராகக் கொண்டவர், நீண்ட பெயர் கொண்ட சபா, சரவாக் மக்கள், எல்லாருக்கும் அது நன்மை. தன் பெயர் கட்டத்தில் அடங்காத அனுபவம் உள்ளவர், மற்றவர் பெயரும் அடங்குகிறதா என்று பார்ப்பார். அதனால்தான் நம் மாணவர்கள் இந்தத் துறைக்கு வர வேண்டும் என்கிறேன்.

செயற்கை நுண்ணறிவே எழுதித் தருமே?

இந்தக் கேள்வியை இப்போது எல்லா வகுப்பிலும் கேட்கிறார்கள். ஆமாம், எஸ்கியூஎல் வினவலை செயற்கை நுண்ணறிவு நொடியில் எழுதித் தருகிறது. நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் எங்கள் ஆய்வுக்கூடத்தில் நடந்ததைக் கேளுங்கள்.

ஓர் அமிலப் போத்தலின் முழு அளவு 2,500 மில்லிலிட்டர். அதிலிருந்து மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 200 மில்லிலிட்டர் எடுத்திருந்தோம். மீதம் 1,900 என்று வர வேண்டும். எழுதிக் கொடுக்கப்பட்ட வினவல் 6,900 என்றது! காரணம், போத்தல் அட்டவணையையும் எடுத்த பதிவையும் இணைத்தபோது, மூன்று பதிவுக்கும் மூன்று வரி வந்தது. ஒவ்வொரு வரியிலும் 2,500 இருந்தது. அவற்றைக் கூட்டியதால் 7,500 ஆகி, அதிலிருந்து 600 கழிந்தது. வினவலில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஓடியது, பதிலும் தந்தது. ஆனால் பதில் தவறு.

தவறு என்று கண்டுபிடித்தவள் ஒரு மாணவி. எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். “அந்தப் போத்தல்ல அவ்வளவு புடிக்காதே டீச்சர்” என்றாள். அலமாரியைத் திறந்து போத்தலைப் பார்த்தவளுக்குத்தான் அது தெரியும். கட்டளையை எழுதும் வேலை எளிதாக எளிதாக, பதில் சரியா என்று பார்க்கத் தெரிந்தவரின் தேவை கூடும் என்றே நான் நம்புகிறேன்.

எப்படித் தொடங்குவது?

படிவம் 4, 5இல் கணினி அறிவியல் பாடம் உங்கள் பள்ளியில் இருந்தால், அதில் தரவுத்தளம் ஒரு முழு அத்தியாயமாகவே வருகிறது. படிவம் 5இல் எஸ்கியூஎல்லும் உண்டு. வாய்ப்பிருந்தால் அந்தப் பாடத்தை எடுங்கள். இல்லையென்றால் மனம் தளர வேண்டாம். கணிதத்தில் கவனம் வையுங்கள். அறிவியல் செய்முறை அறிக்கையில் அட்டவணை வரையும்போது, ஒவ்வொரு பத்திக்கும் சரியான தலைப்பும் அலகும் எழுதப் பழகுங்கள். அதுவும் இதே பயிற்சிதான்.

எஸ்.பி.எம். முடித்த பிறகு வழி ஒன்று மட்டுமல்ல. மெட்ரிகுலேஷன் அல்லது எஸ்.டி.பி.எம். வழியாகப் பல்கலைக்கழகப் பட்டத்துக்குப் போகலாம். பாலிடெக்னிக்கில் தகவல் தொழில்நுட்ப டிப்ளோமா படிக்கலாம். பெற்றோர் சிலர், பெரிய கட்டணம் வாங்கும் குறுகிய காலச் சான்றிதழ் வகுப்புகளில் பிள்ளைகளைச் சேர்க்கலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள். சான்றிதழ் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் சொந்தமாக ஒரு தரவுத்தளமும் செய்து பார்க்காதவர் கையில் இருக்கும் சான்றிதழ், சமைத்தே பார்க்காதவர் கையில் இருக்கும் சமையல் குறிப்பைப் போன்றது. முதலில் செய்து பாருங்கள். பணம் கட்டுவதை அப்புறம் பார்க்கலாம்.

செய்து பார்க்கச் செலவும் இல்லை. எஸ்கியூலைட், போஸ்ட்கிரெஸ்கியூஎல் போன்றவை இலவசம். பழைய மடிக்கணினியே போதும். எங்கள் ஆய்வுக்கூடத் தரவுத்தளம் ஓடுவது, பொத்தான் இரண்டு உதிர்ந்த ஒரு மடிக்கணினியில்தான்.

இன்னொன்றையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். முதல் வேலையிலேயே ‘தரவுத்தள மேம்பாட்டாளர்’ என்ற பதவிப் பெயர் கிடைக்காமல் போகலாம். தொழில்நுட்ப உதவிப் பிரிவிலோ, அறிக்கை தயாரிக்கும் இடத்திலோ, இளநிலை நிரலாளராகவோ தொடங்கிப் பிறகு இந்தப் பக்கம் வருவது வழக்கம். அதைத் தாழ்வாக நினைக்காதீர்கள். அறிக்கை தயாரிப்பவருக்குத்தான் அட்டவணையில் எங்கே ஓட்டை என்று முதலில் தெரியும்.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. பயிற்சிக்காக வகுப்பு நண்பர்களின் அடையாள அட்டை எண்களைச் சேகரிக்காதீர்கள். அந்த 12 எண்களில் ஒருவரின் பிறந்த நாளும், பிறந்த மாநிலமும், ஆணா பெண்ணா என்பதும் இருக்கின்றன. நம் நாட்டில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வணிக நிறுவனங்கள் ஒருவரின் விவரத்தை எப்படிக் கையாள வேண்டும் என்று வரையறுக்கிறது. சட்டத்துக்கு அப்பாலும் இது நாகரிகம்: தேவையில்லாததைக் கேட்காதே, கேட்டதைக் காப்பாற்று. பயிற்சிக்குக் கற்பனைப் பெயர்களையும் நீங்களே கொடுக்கும் எண்களையும் பயன்படுத்துங்கள்.

இந்த வார வீட்டுப்பாடம்

ஆசிரியை எழுதும் கட்டுரையில் வீட்டுப்பாடம் இல்லாமலா? வீட்டிலோ பள்ளியிலோ யாராவது கையால் எழுதும் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தேடுங்கள். அம்மாவின் வீட்டுச் செலவுக் கணக்கு, கடையின் கடன் நோட்டு, காற்பந்துக் குழுவின் வருகைப் பதிவு, கோயில் உபயப் பட்டியல், எதுவானாலும் சரி. எழுதுபவரிடம் அனுமதி கேளுங்கள். பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, “இந்த நோட்டுல தேடுறதுக்கு உங்களுக்கு எது சிரமமா இருக்கு?” என்று கேளுங்கள். அவர் சொல்லும் மூன்று கேள்விகளைத் தாளில் எழுதுங்கள். அவற்றுக்குப் பதில் சொல்ல எத்தனை அட்டவணை வேண்டும், ஒவ்வொன்றிலும் என்னென்ன பத்தி வேண்டும் என்று வரையுங்கள். கணினியைப் பிறகு திறக்கலாம்.

உதவிநிதிக்கு விண்ணப்பித்த அந்த மாணவி இப்போது பாலிடெக்னிக்கில் தகவல் தொழில்நுட்பம் படிக்கிறாள். அண்மையில் தன் முதல் தரவுத்தளப் பயிற்சியின் படத்தைப் புலனத்தில் எனக்கு அனுப்பியிருந்தாள். பெயருக்கு ஒரே கட்டம்; 100 எழுத்துக்கு இடம்; சாய்கோடும் செல்லும். “சரியா இருக்கா டீச்சர்?” என்று கேட்டிருந்தாள். உன் வகுப்பில் உள்ள எல்லாருடைய பெயரையும் அதில் எழுதிப் பார்த்தாயா என்று திருப்பிக் கேட்டேன். இன்னும் இல்லை, நாளைக்குக் கேட்டு எழுதிப் பார்க்கிறேன் என்று பதில் வந்தது.